"கறி சாப்பிட மாட்டீங்களா?": என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். இப்போது குடியிருப்பது கிருஷ்ணகிரியில். பதினேழு வருடமாகக் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. வீட்டில் நான் ஒருவன்தான் இப்படி. இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த கேள்விகளைக் கூட்டிக் கழித்தால் ஒரு பதினைந்துதான் தேறும். கேட்கும் ஆள்தான் மாறுகிறார். போன மாதம் அக்கா மகன் போன் செய்து, "நானும் விட்டுட்டேன் மாமா, ஆளாளுக்குப் படுத்தறாங்க" என்றான். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"நீங்க என்ன, ஐயரா?"

இல்லை. ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம்.

இந்தக் கேள்வி இரண்டு விதமாக வரும். ஒன்று, நிஜமான ஆச்சரியம். அதில் தப்பில்லை. 2014-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். நூறு பேர் உட்காரும் பந்தியில் நம் கட்சிக்கு இரண்டு அல்லது மூன்று இலைதான். இன்னொன்று, சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு இலை வழியாகக் கேட்பது. "ஐயரா?" என்பார்கள், இல்லை என்றால் "அப்ப வேற யாரு?" என்று அடுத்த படி ஏறுவார்கள். அங்கே நான் ஏறுவதில்லை. "கறி பிடிக்கலைங்க, அவ்வளவுதான்" என்று அதே இடத்தில் நின்றுகொள்வேன்.

புலால் உண்ணாமைக்கும் சாதிக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு வள்ளலாரை நினைவுபடுத்தலாம். 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியவர். புலால் வேண்டாம் என்றவரும் அவர்தான், சாதி வேண்டாம் என்றவரும் அவர்தான். நம் பேச்சில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெருமாளைத் தவிர வேறு சாமி கும்பிடாதவர்கூட ஓட்டலில் "சைவ சாப்பாடு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

"எதுக்கு விட்டீங்க? ஏதாவது வேண்டுதலா?"

வேண்டுதல் இல்லை, ஜீவகாருண்யமும் இல்லை. இருபது வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரி வைத்தியத்தோடு அம்மா தன் பங்குக்குப் பத்தியமும் போட்டார்: எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, கவுச்சி கிடையாது. மோர்ச்சோறும் கூழுமாக மூன்று மாதம். பத்தியம் முடிந்த அன்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். வாயில் வைத்தேன், உள்ளே போகவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் போகவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆடு வெட்டுவதைப் பார்த்து அழுதேன், கனவில் சாமி வந்தது என்று ஏதாவது இருந்தால் கேட்பவருக்குத் திருப்தியாக இருக்கும். காரணம் பெரிதாக இல்லாவிட்டால் "அப்ப சாப்பிட வேண்டியதுதானே" என்பார்கள். அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான்: பாகற்காய் பிடிக்காதவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை, நீயும் ஒரு வரிக்கு மேல் காரணம் சொல்லாதே. இரண்டாவது வரியில் விவாதம் தொடங்கிவிடும்.

"முட்டைகூடவா? பால் மட்டும் குடிக்கிறீங்களே?"

முட்டையும் இல்லை. பால் குடிக்கிறேன். இதில் நியாயம் எங்கே என்று கேட்டால், ஒழுங்கான நியாயம் என்னிடம் இல்லை. பாலும் மாட்டிடமிருந்துதான் வருகிறது, கன்றுக்கு உரியதுதான். பாலையும் விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என்னைவிடக் கணக்கு சரியாகப் போடுகிறவர்கள். நான் கோடு போட்ட இடம் இது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. பாக்கெட் உணவில் பால் சேர்ந்திருந்தால் பச்சைப் புள்ளி. முட்டை சேர்ந்திருந்தால் அசைவக் குறி. முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம்.

"கறி இல்லாம உடம்புக்குச் சத்து எங்கிருந்து வரும்?"

தர்மபுரிக்காரர் ஒருவர், களியை உருட்டிக்கொண்டே இதைக் கேட்டார். அவர் கையில் இருந்த ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. பாலில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாது. புரதத்தைப் பொறுத்தவரை ராகி சுமார் 7 கிராம்தான். ஆனால் கொள்ளில் 22, நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 50 கிராம். களி, கொள்ளுக் கடைசல், ஒரு கை வேர்க்கடலை, இரண்டு வேளை பருப்பு, தயிர் என்று போனால் எட்டிவிடும். வெறும் சோறும் ரசமும் ஊறுகாயுமாக ஓட்டினால் எட்டாது. சைவத்துக்கு மாறிய பல பேர் செய்யும் தப்பு இதுதான்; கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை.

எங்கள் வீட்டில் அந்த இடத்தை மார்கழி, தை மாதங்களில் பிடிப்பது பிதுக்கம்பருப்பு. பச்சை அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறவைத்துவிட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு துள்ளி விழும். பாதி பாத்திரத்தில், பாதி தரையில். கறி மசாலாவையே அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தால் கறி சாப்பிடுகிறவர்களும் இரண்டாம் தடவை கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பி12 வைட்டமின் செடி கொடியில் நம்பும்படி கிடைக்காது. பால், தயிரில் ஓரளவு உண்டு. எனக்கு எட்டாவது வருடம் பாதம் மரத்துப்போக ஆரம்பித்து, ரத்தம் பார்த்தபோது பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டுச் சரியானது. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும்.

"பீஸ் இல்லாம வெறும் குஸ்கா வெக்கிறேன், அதுல என்ன இருக்கு?"

அதில் எல்லாமே இருக்கிறது. பீஸ் மட்டும்தான் இல்லை. கறி வெந்த சாற்றில்தான் அந்த அரிசி வெந்தது, அதனால்தான் குஸ்காவுக்கே அந்த ருசி. இதைச் சொன்னால் பலருக்கு நிஜமாகவே புரிவதில்லை. கறி என்றால் அவர்களுக்குத் துண்டு, துண்டை எடுத்துவிட்டால் மீதி சைவம்.

பரோட்டா கடைச் சால்னாவும் இதே கதை. "பிளெய்ன் சால்னாதாங்க" என்று ஊற்றுவார்கள். எலும்பு அடியில் இருக்கும், மேலே உள்ளதை மொண்டு ஊற்றினால் அது பிளெய்ன். பரோட்டா மாவிலேயே முட்டை அடிக்கும் கடைகளும் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், கேட்கும்போது முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். "அண்ணா, மாவுல முட்டை போடுவீங்களா?" என்றால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். மாத்திரைக் கூட்டில் ஜெலட்டின் இருக்கிறது, அதுவும் மாட்டு எலும்பு, தோல் வகையில் வருவது என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். தெரியும். மாத்திரையை முழுங்கத்தான் செய்கிறேன்.

"விருந்துக்குக் கூப்பிட்டா முன்னாடியே சொல்லணுமா, போய்ப் பாத்துக்கலாமா?"

முன்னாடியே சொல்லுங்கள். யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். பத்திரிகை வைத்த வீட்டுக்காரரிடம் சொன்னால் "அதெல்லாம் அமர்க்களமா பண்ணிடலாம் மாப்ள" என்பார், அந்த நிமிடமே மறந்துவிடுவார். அவருக்கு மண்டபம், மைக் செட், சம்பந்தி வீட்டார் என்று ஆயிரம் கவலை. சமையல் மாஸ்டரிடமோ, வீட்டு விருந்தென்றால் அடுப்படியில் நிற்கும் அத்தையிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோறு எந்த விருந்திலும் இருக்கும், ரசமும் பெரும்பாலும் இருக்கும். ரசத்தில் எலும்புச் சாறு கலக்காமல் ஒரு சொம்பு தனியாக எடுத்து வைப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

காதுகுத்து, கறிவிருந்துகளுக்குப் போகும்போது நான் சின்ன டப்பாவில் மாங்காய் ஊறுகாய் எடுத்துப் போவேன். கிருஷ்ணகிரிக்காரனிடம் மாங்காய் ஊறுகாய் இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. சோறு, ரசம், ஊறுகாய், அப்பளம். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வருவேன். அக்கா மகன், "கறி சாப்பிடலைன்னா மொய்யக் குறைக்கலாமா மாமா?" என்று கேட்டான். கூடாது.

"பாசமா செஞ்சு போடறாங்க, வேண்டாம்னா மனசு கஷ்டப்படுமே?"

படும். மற்ற கேள்விகளெல்லாம் பொழுதுபோக்கு, இது ஒன்றுதான் நிஜமான சிக்கல். நாம் கறியை வேண்டாம் என்கிறோம், அவர்கள் காதில் "உன் கை வேண்டாம்" என்று விழுகிறது. நம் பக்கத்தில் வந்தவருக்குக் கோழி அடிப்பதுதான் மரியாதை. "ஒரு முட்டைகூட ஒடைச்சு ஊத்த முடியலையே" என்று அம்மாயி புலம்புவதில் கோபம் இல்லை, தோற்றுப்போன உணர்வுதான்.

காரிமங்கலத்தில் சித்தி வீடு. எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். பக்கத்து அடுப்பில் கோழி. இலையில் சோறு போட்டாயிற்று. சித்தி கோழிக் குழம்பைக் கிளறிய கரண்டியோடு பேசிக்கொண்டே திரும்பி, அதையே கத்தரிக்காய்க்குள் விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் பார்த்தார். கரண்டி ஓரத்திலிருந்து கோழி நெய் மஞ்சளாக வட்டம் வட்டமாகக் குழம்பின் மேல் பரவுகிறது. சித்தி என்னைப் பார்க்கிறார், நான் குழம்பைப் பார்க்கிறேன். "தயிர் இருக்கா சித்தி?" என்று கேட்டேன். இருந்தது. மூன்று தடவை தயிர் வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் போகும் வழிக்கென்று ஒரு டப்பா கடலை உருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கைப்பட்ட எதையாவது கேட்டு வாங்குங்கள் என்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. அடுத்த தடவை போனபோது கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார், அது என் கரண்டியாம்.

"குலசாமிக்குக் கிடா வெட்டறோம். நீ வர்றியா, மாட்டியா?"

வருவேன். வரியும் கட்டுவேன். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது, நான் திங்கவில்லை என்று என் பங்கைக் கழித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கிடா வாங்கக் காசு கொடுத்துவிட்டுக் கறி மட்டும் வேண்டாம் என்பது வேஷம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கலாம். சாமி பங்காளிகள் எல்லாருக்கும் பொது, செலவும் பொது. உயிர்ப்பலியே கூடாது என்ற உறுதியில் கறியை விட்டவர்கள் வரி கட்டாமல் தேங்காய், எண்ணெய்ச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்; அப்படிச் செய்பவரும் எங்கள் பங்காளிகளில் உண்டு. கோயில் வாசலில் நின்று பிரசங்கம் செய்வது மட்டும் வேண்டாம்.

"புரட்டாசி முடிஞ்சதும் வழக்கம்போலத்தானே?"

இல்லை. புரட்டாசியில் ஊரே என் கட்சி. ஓட்டலில் யாரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வரிசையைப் பார்த்தால் கட்சி கலைந்தது தெரியும்.

"செடிக்கும் உயிர் இருக்குல்ல?"

இருக்கிறது. அடுத்த கேள்வி.

"ஒகேனக்கல் போய் மீன் சாப்பிடாம வர்றதுக்கு எதுக்குப் போகணும்?"

காவிரியைப் பார்க்க, எண்ணெய் தேய்த்துக் குளிக்க, பரிசலில் போக. ஆனால் கூட்டாளிகளோடு போனால் நாளின் பெரும்பகுதி மீனைச் சுற்றித்தான் ஓடும் என்பது உண்மை. மீன் வாங்குவது, சமைத்துத் தரும் அக்காவிடம் கொடுப்பது, அது ஆகும்வரை காத்திருப்பது. நான் அந்த அக்காவிடம் முதலிலேயே சோறும் ரசமும் பேசிவிடுவேன். தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணைக்குப் போனாலும் இதேதான். அங்கே பொரித்த மீன் கடைகளுக்குப் பக்கத்திலேயே மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று கிடைக்கும்.

இப்படிப் போகும்போது கேலிக்குத் தயாராக இருங்கள். "இவனுக்குப் புல்லு புடுங்கிப் போடுங்கடா" என்பது எங்கள் செட்டில் பதினேழு வருடமாக ஓடும் ஒரே நகைச்சுவை. முதல் இரண்டு வருடம் கோபம் வந்தது. இப்போது யாராவது அதைச் சொல்ல மறந்தால் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

"பொண்ணு பாக்கும்போது சொல்லிடணுமா? கட்டிக்கிட்டவங்களும் விடணுமா?"

சொல்லிவிட வேண்டும். விடச் சொல்லக் கூடாது. என் மனைவி கறி சாப்பிடுவார், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வரிசையில் நிற்பது பெரும்பாலும் நான்தான். "தோல் உரிச்சு, சின்னச் சின்னப் பீஸா" என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருக்கிறேன். வீட்டில் கறிக்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி. அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரே ஆளுக்காக இரண்டு குழம்பு வைப்பது மனைவியின் வேலை ஆகிவிடக் கூடாது என்பதால், கறி நாளில் என் குழம்பை நானே வைத்துக்கொள்கிறேன். கறி வேண்டாம் என்று முடிவெடுத்தது நாம், அடுப்படியில் நிற்பது மட்டும் இன்னொருவரா?

"சைவம்னு சொன்னா வாடகை வீடு ஈஸியா கிடைக்குமாமே?"

கிடைக்கும். அதில்தான் வில்லங்கமே இருக்கிறது. வேலை ஓசூரில் இருந்தபோது வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரர், நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் முகம் மலர்ந்து, "உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் தம்பி வெச்சிருக்கேன், முன்னாடி வந்தவங்களை அனுப்பிட்டேன்" என்றார். அனுப்பப்பட்டவர்கள் யார், எதற்காக என்று அவர் சொல்லாமலே விளங்கியது. முதல் கேள்விக்கு எழுதியதைப் பாருங்கள். இலை வழியாகக் கேட்கப்படும் அதே கேள்விதான், இங்கே கேட் போட்டு நிற்கிறது. கதவில் "சைவம் மட்டும்" என்று எழுதினால் சாதியை எழுத வேண்டியதில்லை.

என் மனைவி மீன் குழம்பு வைப்பார் என்றேன். "அப்படின்னா யோசிக்கணும்" என்றார். நாங்களும் யோசிக்காமல் வந்துவிட்டோம். பழக்கம் நம்முடையதாக இருக்கும்போது அதை வைத்து இன்னொருவரைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. கறி சாப்பிடாததால் நான் சுத்தமும் இல்லை, சாப்பிடுவதால் என் மனைவி அசுத்தமும் இல்லை.

"நாங்க சாப்பிடறதைப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்குமா?"

உங்களைப் பார்த்தால் இருக்காது. பச்சைக் கறி நாற்றம் மட்டும் சில நாள் தலையைச் சுற்றவைக்கும். விட்டுச் சில வருடம் ஆனால் மூக்கு இப்படி ஆகிவிடுகிறது; அதில் புண்ணியம் எதுவும் இல்லை. சிகரெட்டை விட்டவருக்கும் இப்படித்தான். சகிக்க முடியாவிட்டால் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், மூக்கைப் பொத்தாதீர்கள்.

"தெரியாம சாப்பிட்டுட்டா என்ன பண்றது?"

வாயைக் கொப்புளித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வேண்டுமென்றே கலந்து கொடுத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்த கூட்டாளி ஒருவன் எனக்கு உண்டு. அவன் கையால் அதற்கப்புறம் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சித்தியின் கரண்டியும் இதுவும் ஒன்று இல்லை.

"இனிமே சாப்பிடவே மாட்டீங்களா? ஆசையே வராதா?"

கோழி, ஆட்டுக்கறி மேல் ஆசை வருவதில்லை. கருவாட்டுக் குழம்பு வேறு விஷயம். சூடான களி, அதன் நடுவில் குழி, குழி நிறையக் கருவாட்டுக் குழம்பு என்று வளர்ந்த நாக்கு இது. மேலே மூக்கைப் பற்றி எழுதியது கருவாட்டுக்குச் செல்லாது, ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஊருக்குப் போகும்போது அம்மா கருவாடு வறுத்தால், நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. திண்ணையில் சன்னலுக்கு நேராக உட்கார்ந்துகொள்வேன். உள்ளிருந்து குரல் வரும்: "காத்து அந்தப் பக்கமா அடிக்குதாடா?"

"அடிக்குதும்மா."

"சன்னலைச் சாத்தட்டுமா?"

"இருக்கட்டும்."